அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் எழவில்லையா?

கேள்வி: இரவு விண்டோஸ் 11 அப்டேட் போட்டேன். காலையில் லோகோ வருகிறது, வட்டம் சுற்றுகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஃபார்மட் செய்யச் சொல்கிறார் கடைக்காரர். மகளின் படங்களெல்லாம் உள்ளே இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள். கடைக்காரருக்கு அது சுலபம், அவ்வளவுதான். படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். லோகோ வந்ததும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். (அப்டேட் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தால் மட்டும் கை வைக்க வேண்டாம்.) இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பழுதுபார்க்கும் திரை தானே வரும். அதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்'. வழக்கமான மாதாந்திர அப்டேட் என்றால் 'குவாலிட்டி'. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் 'ஃபீச்சர்'. அதற்குப் பொதுவாக 10 நாள்தான் கெடு.

பலிக்கவில்லையா? 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' வழியே சேஃப் மோடில் திறந்து பாருங்கள். 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. அப்போதும் சேஃப் மோடில் நுழைந்து, பிழையான ஒரு கோப்பை அழித்துத்தான் பலவற்றை மீட்டார்கள்.

நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண் கேட்டால் பதற வேண்டாம். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால், பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்த எண் கையில் இல்லாமல் மட்டும் எதையும் ஃபார்மட் செய்யவோ கழற்றவோ விடாதீர்கள்.

லேப்டாப் எழுந்ததும் முதல் வேலையாகப் படங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். செட்டிங்ஸில் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள்.