மேற்கே எழும் மேகம்

பேயாழ்வார் அவதரித்த திருமயிலையில், புழுக்கம் மிகுந்த ஆனி, ஆடி மாலைகளில் நாம் காண்பது: கடற்காற்று உள்நாட்டு வெப்பக்காற்றைச் சந்திக்குமிடத்தே, மேற்கில் மேகம் எழுந்து, கறுத்து, மின்னி, இடித்துப் பொழிகிறது.

திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ஆண்டாள் நாச்சியாரும் இவ்வடைவிலேயே அருளிச்செய்கிறாள். மேகம் கடல்நீரை முகந்து மேலேறவேண்டும். எம்பெருமான் திருமேனிபோல் கறுத்து, திருவாழிபோல் மின்னி, திருச்சங்குபோல் முழங்கவேண்டும். சார்ங்கம் விடும் அம்புகள்போல் பொழியவேண்டும்.

அம்பு அழிக்குமன்றோ என்னில், அன்று. உவமை வேகத்துக்கும் இடைவிடாமைக்குமே; பலனோ உலகம் வாழ்வது. தெருவெல்லாம் வெள்ளமாகுமோ என்று அஞ்சும் நமக்கும் இதுவே பிரார்த்தனை.

முகந்ததில் ஒன்றையும் ஒளியாதே என்று மேகத்துக்கு நியமிக்கிறாள். பாகவத கைங்கர்யத்தில் நமக்கும் அந்நியமனமே என்று கொள்வோமாக.