கடலோரப் பறவைகளின் வருகையும் புறப்பாடும்

பால்மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில், கோல சிலாங்கூர், காப்பார் போன்ற கடலோர வட்டாரங்களின் திடல்களில் ஒரு காட்சியைக் காணலாம். புல்தரையில் சற்று ஓடி, நின்று, புழு கொத்தும் பொன்னிற உப்புக்கொத்தியின் வெளிறிய மார்பு சிறிது சிறிதாகக் கருநிறம் பெறுகின்றது. அது தன் தாயகமாகிய வடதுருவப் பகுதிக்குப் புறப்பட ஆயத்தமாவதன் அடையாளம் இது.

மலாய் மீனவர் கெடிடி என்றும் நாம் உள்ளான் என்றும் அழைக்கும் பறவைகளுள் பலவும் இத்தகைய விருந்தினரே. ஆவணி, புரட்டாசியில் நமது மேற்குக் கரையின் சேற்று நிலங்களுக்கு வந்து சேரும் இவை, சித்திரை முடிவதற்குள் பெரும்பாலும் சென்றுவிடுகின்றன. கடல் வற்றும்போது சேற்றில் புழுவும் சிப்பியும் தேடும். நீர் ஏறியதும் கரையோரக் குளங்களிலும் மேட்டு நிலங்களிலும் கூடி இளைப்பாறும். நம் சமையலுக்கு வரும் கெராங் சிப்பியும் இதே சேற்றில்தான் விளைகின்றது.

ஆனி மாதத்திலும் சில பறவைகள் நிற்பதைக் கண்டு, பருவமே மாறிவிட்டது என்பாருளர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். முந்திய ஆண்டில் பிறந்த இளம் பறவைகள் பல, கூடுகட்டும் வயது வராமையால், வடக்கே செல்லாது இங்கேயே தங்கிவிடுகின்றன என்பதே உண்மை.

கவலைக்குரியது இவற்றின் தொகையே. வடக்கு நோக்கிச் செல்லும் பறவைகளுட் பல, சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலின் சேற்றுக் கரைகளில் இறங்கி, நன்கு உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்த பின்னரே எஞ்சிய வழியைக் கடக்கின்றன. தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகம் 33 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்சுவரால் 2006-ஆம் ஆண்டில் அடைக்கப்பட்டது. அங்குப் பல்லாயிரக்கணக்கில் இறங்கிய பெருநாட் என்னும் உள்ளான் வகை பெரிதும் அருகியது. 2015-இல் அது அழியும் நிலையிலுள்ள இனமாக உலக அளவில் அறிவிக்கப்பட்டது. நாம் நம் கரையை எவ்வளவு காத்தாலும், இடைவழியில் உணவில்லையேல் பறவை திரும்பி வாராது. அக்கடலின் சீனக் கரையில் ஒரு பகுதி 2019-இல் உலக மரபுரிமை இடமாக ஏற்கப்பட்டமை ஓரளவு ஆறுதல் தருகின்றது.

விடுமுறை நாளில் 1987-இல் அமைக்கப்பட்ட கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குச் செல்வோர், நீர் ஏறும் நேரத்தை முன்னரே கேட்டறிந்து செல்வது நலம். இளைப்பாறும் கூட்டத்தை நோக்கிப் பிள்ளைகளை ஓடவிடலாகாது. வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பு கரைகின்றது. தோட்டத் திடலுக்கு உப்புக்கொத்தி வருமாயின், அதன் மார்பு கறுத்த நாளையும் இறுதியாகக் கண்ட நாளையும் நாட்காட்டியில் குறித்து, மறு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.