எக்ஸெல் செக்றோலைப் பூட்டும் முறை

றொசல்ல, ஹற்றன் பக்கத்துத் தோட்ட ஆபீஸில் தொழிலாளரின் வரவையும் கூலியையும் பதியும் செக்றோலை எக்ஸெலில் வைத்திருந்தால், கை தவறி விழும் ஓர் இலக்கம் கூலியையே மாற்றிவிடும். 18 கிலோ கொழுந்து 13 என்று மாறினால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, அரைப்பேராகலாம். முடிந்த நாட்களை வாசிக்க மட்டும் விட்டு, அன்றைய நிரலை மட்டும் எழுதத் திறந்து வைக்க வேண்டும்.

பலரும் தடுமாறுவது முதல் படியில்தான். பூட்ட வேண்டிய கட்டங்களைத் தேடித் தேடித் தெரிவு செய்கிறார்கள்; அது வீண் வேலை. எக்ஸெலில் எல்லாக் கட்டங்களுக்கும் ஆரம்பத்திலேயே 'லொக்ட்' என்ற குறி இருக்கிறது. 'புரொடெக்ட் ஷீட்' கொடுக்கும் வரை அந்தக் குறிக்கு வேலையில்லை, அவ்வளவுதான். ஆகவே திறந்திருக்க வேண்டிய கட்டங்களை முதலில் விடுவிக்க வேண்டும். 12ஆம் திகதி என்றால், அந்த நிரலின் கிலோக் கட்டங்களை மட்டும் தெரிவு செய்து, கொன்ட்ரோலையும் 1ஐயும் சேர்த்து அழுத்தி, 'புரொடெக்ஷன்' பக்கத்தில் 'லொக்ட்' சரியை எடுத்துவிட வேண்டும். பிறகு 'ரிவியூ' பட்டியலில் 'புரொடெக்ட் ஷீட்'. பெயர், மொத்தம், தொழிலாளியிடம் கழிக்கும் சேமலாப நிதி 8 வீதம், தோட்டம் செலுத்தும் 12 வீதம் எல்லாம் தாமாகவே அடைபடும்.

'புரொடெக்ட் ஷீட்' கொடுத்ததும் வரும் பட்டியலில் 'செலக்ட் லொக்ட் செல்ஸ்' சரியை எடுக்கவே கூடாது. கொழுந்து எடுத்தவர் வந்து கணக்குக் கேட்டால், அந்தக் கட்டத்தில் நின்று சூத்திரத்தைக் காட்ட முடிய வேண்டும். அது அவருடைய உரிமை. ஃபில்டர் தேவையென்றால் பூட்டுவதற்கு முன்பே போட்டு, இதே பட்டியலில் 'யூஸ் ஒட்டோஃபில்டர்' சரியையும் இட வேண்டும்.

பூட்டிய கட்டத்தைக் கொப்பி செய்து திறந்த கட்டத்தில் அப்படியே ஒட்டினால், பூட்டும் சேர்ந்து வந்து அந்தக் கட்டமும் அடைபட்டுவிடும். 'பேஸ்ட் வேல்யூஸ்' மட்டுமே பாவிக்க வேண்டும். கிலோவைக் கையால் அடிப்பது இன்னும் நல்லது.

மாலையில் கணக்கப்பிள்ளையின் கொழுந்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரி பார்த்த பின், 'அன்புரொடெக்ட் ஷீட்' கொடுத்து அன்றைய நிரலுக்கு 'லொக்ட்' சரியை மீண்டும் இட்டு, மறுநாள் நிரலைத் திறந்து, பக்கத்தைப் பூட்ட வேண்டும். ஒப்பிடாமல் பூட்டினால் பிழையும் சேர்ந்தே பூட்டப்படும்.

இந்தப் பூட்டு கைத்தவறைத் தடுக்கும். வேண்டுமென்றே மாற்ற வருபவரைத் தடுக்கும் பலம் இதற்கில்லை. அதற்கு 'ஃபைல்', 'இன்ஃபோ' வழியாகப் போய் ஃபைலுக்கே பாஸ்வேர்ட் போட வேண்டும். அது மறந்துபோனால் மைக்ரோசொஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. எழுதி ஆபீஸ் அலுமாரியில் பூட்டி வையுங்கள்.