பஞ்சமும் குழந்தைகளும்

உயிர்களைப் பற்றும் துன்பங்களுள் பசியே தலையாயது. அப்பசி ஒரு நாட்டையே பற்றுங்கால் அதனைப் பஞ்சம் என்கிறோம். பஞ்சத்தில் முதற்கண் வாடுவோர் குழந்தைகள். உழைத்து ஈட்டவோ, வேற்றிடம் பெயரவோ, தம் குறையை ஆள்வோரிடம் எடுத்துரைக்கவோ அவர்களால் இயலாது. அவர்களைக் காக்க முற்படுவோர் முன்னே இரு வினாக்கள் எழுகின்றன. யாருடைய குழந்தைக்கு உணவளிப்பது என்பது ஒன்று; குழந்தைக்கு மட்டும் உணவளித்தல் போதுமா என்பது மற்றொன்று. இவற்றிற்கு வரலாறு தந்துள்ள விடைகளை ஈண்டு ஆராய்வோம்.

முதல் உலகப்போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. எனினும் நேச நாடுகள் பகைவர்மீது விதித்திருந்த கடல் முற்றுகை உடனே நீங்கவில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பாலின்றி மெலிந்தனர். 1919-இல் எக்லண்டைன் ஜெப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, அக்குழந்தைகளின் நிலையை விளக்கும் துண்டுப் பிரசுரங்களை இலண்டன் மாநகரில் வழங்கியமைக்காகக் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் அவருக்கு 5 பவுன் அபராதம் விதித்தது. அவருக்கு எதிராக வழக்காடிய அரசாங்க வழக்கறிஞரே அத்தொகையைத் தம் கையினின்றும் எடுத்து அவருக்கு அளித்தார். அவ்வாண்டிலேயே ஜெப் அம்மையாரும் அவர்தம் தங்கை டாரதி பக்ஸ்டனும் ‘சேவ் தி சில்ரன்’ நிதியை நிறுவினர். பகைவனுக்குப் பிறந்தமையால் குழந்தை பகையாகாது என்பதே அவர்கள் கொள்கை.

இக்கொள்கைக்குப் பெருஞ்சோதனை ருஷியாவில் நேர்ந்தது. உலகப்போரும் உள்நாட்டுப் போரும் உழவைக் குலைத்தன. ஆட்சியாளர் குடியானவரின் தானியத்தைப் பறிமுதல் செய்தனர். அவற்றின் மேல் 1920, 1921 ஆகிய ஆண்டுகளில் மழையும் பொய்த்தது. வால்கா ஆற்றங்கரை மாகாணங்களில் மக்கள் புல்லையும் மரப்பட்டையையும் மாவுடன் கலந்து உண்டனர். ஏறத்தாழ 50 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கணிப்பு.

1921 ஜூலையில் எழுத்தாளர் மாக்ஸிம் கார்க்கி உலகத்தாரை நோக்கி உதவி வேண்டினார். அமெரிக்க உதவிக் கழகத்தின் தலைவராகிய ஹெர்பர்ட் ஹூவர் உடனே மறுமொழி விடுத்தார். அவர் போல்ஷெவிக் ஆட்சியை வன்மையாக வெறுத்தவர். அவ்வாட்சியின்கீழ் வாழும் மக்களுக்கு உதவுதல் அவ்வாட்சியையே வலுப்படுத்துமெனப் பலர் தடுத்துரைத்தனர். எனினும் ஆகஸ்டு 20-ஆம் நாள் ரீகா நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முதல் வினாவிற்கு இதுவே விடை: ஆட்சியின் குற்றத்திற்குக் குழந்தையைப் பட்டினியிட்டுத் தண்டித்தல் நீதியன்று.

குழந்தைகளுக்கெனச் சமையற்கூடங்கள் ஊர்தோறும் எழுந்தன. சராடவ் மாகாணத்தில் ஜெப் அம்மையார் நிறுவிய நிதியும் அப்பணியை ஏற்றது. சீட்டுப் பெற்ற குழந்தைக்கு ரொட்டி, அரிசிக் கஞ்சி, பால், கோகோ முதலியன வழங்கப்பட்டன. அமெரிக்கச் சமையற்கூடங்களில், உணவை அவ்விடத்திலேயே உண்ணவேண்டும். வீட்டிற்குக் கொண்டு செல்லலாகாது என்பது விதி. குழந்தையின் பங்கு பிறர் வாய்க்குச் செல்லாதபடி காக்கவே இவ்விதி ஏற்பட்டது. ஆனால் உண்டு முடித்த குழந்தை திரும்பிச் செல்லும் வீட்டில் அன்னையும் தந்தையும் பட்டினியாற் கிடந்தனர். இன்று உண்டி பெற்ற குழந்தை நாளை அநாதையாகுமாயின் அவ்வுண்டியாற் பயன் என்னை?

இரண்டாம் வினா இங்ஙனம் தானே எழுந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்கப் பேரவை 2 கோடி டாலர் ஒதுக்கியது. அதனாற் கொள்ளப்பட்ட மக்காச்சோளமும் விதையும் 1922 வசந்த காலத்தில் வால்கா நாட்டை அடைந்தன. சோளம் பெரியோர் உயிரைக் காத்தது. விதை அடுத்த விளைவைக் காத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அக்கழகம் நாள்தோறும் உணவளித்தோர் தொகை, குழந்தைகளும் பெரியோருமாக, ஒரு கோடிக்கு மேற்பட்டது.

பிற்கால மருத்துவ நூலும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றது. பட்டினியால் மிக நலிந்த குழந்தையை முன்னாளில் வாரக்கணக்காக மருத்துவமனையில் வைத்தே பேணினர். அன்னை மற்ற மக்களை வீட்டில் விட்டுவிட்டு அதன் அருகே தங்க வேண்டியிருந்தது. 1996-இல் பிரான்சு நாட்டில் நிலக்கடலைப் பசை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாதுக்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் உணவு இயற்றப்பட்டது. அதற்குச் சமையலும் வேண்டா, தண்ணீரும் வேண்டா. வேறு கொடிய நோய் இல்லாத குழந்தை அதனைத் தன் வீட்டிலே, தாயின் கையாலேயே உண்டு தேறலாம். 2005-இல் நைஜர் நாட்டில் பஞ்சம் நேர்ந்தபோது இம்முறை பெரிதும் கையாளப்பட்டது.

துன்பக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே உரியது என்னும் ஜெப் அம்மையாரின் கோட்பாட்டை 1924-இல் சர்வதேச சங்கம் ஜெனீவாவில் ஏற்றது. முதல் உதவி என்பது முழு உதவி ஆகாது என்பதை வால்கா நமக்குக் கற்பிக்கின்றது. குழந்தையின் கலத்தை நிரப்புவோர் அதன் வீட்டு அடுப்பையும் வயலையும் ஒருங்கே நினைத்தல் வேண்டும். இரக்கம் நம்மைப் பசித்தோர் வாயிலுக்கு அழைத்துச் செல்லும்; அங்கே செய்யத்தக்கது இன்னதென அறிவித்தல் கல்வியின் கடன். இவ்விரண்டையும் ஒருங்கே பெற முயல்வோமாக.