'நைஸ்' என்றொரு சொல்

மாணவிகளே,

பெருநாள் விடுமுறையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நமது கொப்பிகளில் என்ன வருகிறது? உடுப்பு நைஸ், வட்டிலாப்பம் நைஸ், மாமி நைஸ், வானிலையும் நைஸ். பிழையென்று சிவப்பு மையால் கோடிட முடியாது. ஆனால் வாசிப்பவருக்கு வட்டிலாப்பத்தின் ருசியும் தெரியாது, மாமியின் குணமும் தெரியாது.

இச்சொல்லின் பிறப்பு வேடிக்கையானது. 'அறியாத' என்று பொருள்படும் 'நெஸ்கியுஸ்' எனும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1300 அளவில் ஒருவரை நைஸ் என்றால் அவர் மூடர் என்று அர்த்தம்! பின்னர் 'எளிதில் திருப்திப்படாத', 'நுணுக்கமான' என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்ற பொருளைப் பெற்றது. பழைய பொருள் முற்றாக அழியவில்லை. 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பது இன்றும் நுண்ணிய வேறுபாட்டையே குறிக்கும். பாலைக் கொட்டிவிட்டு நிற்கும் பிள்ளையிடம் 'நைஸ் மெஸ்' என்றால் அது பாராட்டல்ல, ஏச்சு.

1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நோர்த்தாங்கர் அபி' நாவலில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று சொன்ன கேத்தரீனை ஹென்றி டில்னி கேலி செய்கிறான். ஆக, இந்தப் பழக்கம் நம்மோடு தொடங்கியதல்ல.

உணவுக்கு 'டிலிஷஸ்', இதமான காலநிலைக்கு 'பிளெஸன்ட்' என்று எழுதிவிடலாம், அது எளிது. மனிதர்களிடம் வரும்போதுதான் கவனம் வேண்டும். 'பொலைட்' என்பவர் மரியாதையாகப் பேசுபவர். 'கைண்ட்' என்பவர் இரக்கமுள்ளவர். 'ஜென்டில்' என்றால் மென்மையானவர். இவை ஒன்றல்ல. பொலைட்டான கடைக்காரர் நிறுவையைக் குறைக்கவும் கூடும்!

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எதையாவது நைஸ் என்றால், "எப்படி?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சென்ற தவணை ஒரு மாணவி, வபாத்தான தன் உம்மம்மாவை 'நைஸ் லேடி' என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியோடு கட்டுரை நின்றுவிட்டது. "உம்மம்மா என்ன செய்வா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நின்றவள், "பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு எடுத்து வைக்காம எங்கள சட்டியத் தொட விடமாட்டா, ரீச்சர்" என்றாள். 'ஜெனரஸ்' என்று கரும்பலகையில் எழினேன். தாராள மனம் என்று விளக்கினேன்.

மறுநாள் அவள் கொண்டுவந்த கொப்பியில் அந்தச் சொல்லும் இருந்தது, அந்தச் சட்டியும் இருந்தது.