விரிசல் விழுந்த பிறகுதான் வேலை: பழைய டயர் கம்பியும் கான்கிரீட்டும்

போகி முடிஞ்ச மறுநாள் காலையில தெருமுனையைப் பார்த்திருப்பீங்க. டயர் எரிச்ச இடத்துல ரப்பர் எல்லாம் கரியாப் போயிருக்கும், வளையம் வளையமா கம்பி மட்டும் மிச்சம் கிடக்கும். டயருக்குள்ள இவ்வளவு ஸ்டீல் இருக்கான்னு அப்பதான் தோணும். எங்க டீமோட ஃபைனல் இயர் பிராஜெக்ட் அந்தக் கம்பியைப் பற்றியதுதான். ஆனா எரிச்ச கம்பியை நாங்க தொடல. ஏன்னு கீழே சொல்றேன்.

அடுத்த வருஷம் பிராஜெக்ட் எடுக்கப்போற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதறேன். கலவை போடும்போதும் தப்பு பண்ணோம். ஆனா அதைவிடப் பெரிய தப்பு, ரிசல்ட்டைப் படிச்ச விதத்துல நடக்க இருந்தது.

கான்கிரீட்டுக்குள் நார் எதுக்கு?

கான்கிரீட்டை அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. அதோட இழுவிசை வலிமை, அமுக்கு வலிமையில கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான். அதனாலதான் கம்பி கட்டறோம். ஆனா கம்பி நாம வெச்ச இடத்துல மட்டும்தான் இருக்கும். ஸ்டீல் நார் கலவை முழுக்கப் பரவி நிற்கும். விரிசல் எங்க விழுந்தாலும் அதுக்குக் குறுக்கே சில நாராவது இருக்கும்.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு. விரிசல் விழும்வரை நாருக்குப் பெரிசா வேலையே இல்லை. விழுந்த பிறகுதான் அது இரண்டு பக்கத்தையும் பாலம் மாதிரி பிடிச்சு நிறுத்துது. விரிசல் விரியணும்னா நாரை சிமெண்டுப் பிடியில இருந்து உருவி எடுக்கணும், அந்த உராய்வுக்கு நிறைய ஆற்றல் செலவாகும். இந்தத் தாக்குப்பிடிக்கும் குணத்தைத்தான் டஃப்னெஸ்னு சொல்றோம்.

டயர் கம்பி எப்படிப்பட்டது?

டயர்ல இரண்டு இடத்துல ஸ்டீல் இருக்கு. ரிம்மைக் கவ்விப் பிடிக்கிற ஓரத்துல தடிமனான பீட் கம்பி. தரையில படுற பகுதிக்கு அடியில, மெல்லிய இழைகளை முறுக்கிச் செஞ்ச கார்டு. நமக்குத் தேவை இந்த மெல்லிய இழை. இது கார்பன் அதிகமுள்ள, குளிர்நிலையில் இழுத்துச் செஞ்ச கம்பி. இழுவிசை வலிமை 2000 மெகாபாஸ்கலைத் தாண்டும். நாம வீட்டுக்குப் போடுற எஃப்.ஈ. 500 கம்பி 500 மெகாபாஸ்கல்லயே யீல்டு ஆகிடும்.

இதை எடுக்க முக்கியமா இரண்டு வழி. டயரைத் துண்டு துண்டா அரைச்சு காந்தத்தால ஸ்டீலைப் பிரிக்கிறது ஒண்ணு. காற்று இல்லாம சூடாக்கி ரப்பரைச் சிதைக்கிற பைராலிசிஸ் இன்னொண்ணு. முதல் வழியில ரப்பர் துணுக்கு ஒட்டிட்டு வரும், இரண்டாவதுல கரி படிஞ்சிருக்கும். தெருவுல எரிச்சா வெப்பத்துக்குக் கட்டுப்பாடே இல்லை. குளிர்நிலையில் இழுத்ததால வந்த வலிமை அந்தச் சூட்டுலயே போயிடும். போகிக் கம்பி வேண்டாம்னு விட்டதுக்கு அதுதான் காரணம்.

இந்த யோசனை புதுசு இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துல பேராசிரியர் கைப்ரோஸ் பிலகூடாஸ் குழு இதுல பல வருஷமா வேலை செஞ்சிருக்கு. ஐரோப்பிய யூனியன் நிதியில 2006 முதல் 2009 வரை நடந்த ஈகோலேன்ஸ் திட்டம், டயர் நார் சேர்த்த கான்கிரீட் சாலைகளை ஆராய்ந்தது. 2014-ல் தொடங்கிய அனகென்னிசி திட்டம் டயரோட ரப்பர், ஸ்டீல், துணி இழை மூணையுமே கான்கிரீட்டுல பயன்படுத்தப் பார்த்தது.

ஒரு சின்னக் கணக்கு

கடையில விற்கிற கொக்கி வெச்ச நார் ஒண்ணு 0.75 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம்னு வைங்க. எடை சுமார் 0.21 கிராம். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 4800 நார். டயர் இழை 0.2 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம்னா எடை சுமார் 5 மில்லிகிராம். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2 லட்சம்! அதே எடையில 40 மடங்கு எண்ணிக்கை.

அதனால மெல்லிய விரிசலை டயர் நார் சீக்கிரமே பிடிச்சிடும். விரிசல் அகலமாகும்போது குட்டை நார் உருவிட்டு வந்திடும், அங்க நீளமான நார்தான் நிற்கும். இரண்டையும் கலந்து போடுறதுக்கு இதுதான் காரணம்.

அதே கணக்குதான் எங்க முதல் பேட்ச்சையும் கெடுத்தது. மொத்த நாரையும் ஒரே தடவையில மிக்சர்ல கொட்டினோம். குருவிக்கூடு மாதிரி உருண்டை உருண்டையாச் சுத்திக்கிச்சு. உருண்டையைப் பிரிச்சுப் பார்த்தா உள்ளே சிமெண்டே போகல. லேப் அண்ணா எட்டிப் பார்த்துட்டு, "தம்பி, உப்பு போடுற மாதிரி தூவணும்பா" என்றார். அடுத்த தடவை அகலமான கண் உள்ள சல்லடை வழியா, மிக்சர் சுத்தச் சுத்தக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவினோம். கலவை சரியா வந்தது.

கியூப் ரிசல்ட் வந்த நாள்

28 நாள் கியூரிங் முடிஞ்சு கியூபை நசுக்கினோம். நார் போட்டதுக்கும் போடாததுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. மறுநாள் ரிவ்யூ. டீம்ல ஒருத்தன், "மச்சி, ஒரு இருபது பர்சென்ட் ஏத்திப் போட்டுடலாம்டா, யார் பார்க்கப் போறா?" என்றான். உண்மையைச் சொல்லணும்னா, நான் உடனே வேண்டாம்னு சொல்லல. எக்செல் ஷீட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில மாத்தாமலே எடுத்துட்டுப் போனோம்.

கைடு மேடம் அட்டவணையைப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "நார் எப்போ வேலை செய்யும்?" விரிசல் விழுந்த பிறகு. "அப்போ விரிசலுக்குப் பிறகு நடக்கிறதை எந்தச் சோதனையில அளந்தீங்க?" எங்ககிட்ட பதில் இல்லை. இந்த அளவு நாருக்கு கியூப் வலிமை ஏறாதது தோல்வியே இல்லை, அதுதான் எதிர்பார்க்க வேண்டிய ரிசல்ட். இருபது பர்சென்ட் ஏத்திப் போட்டிருந்தா எங்க பொய்யை எங்க தியரியே காட்டிக் கொடுத்திருக்கும்.

சரியான சோதனை இ.என். 14651. பீமின் நடுவுல 25 மி.மீ. வெட்டு கொடுத்து, வளைக்க வளைக்க விரிசல் வாய் எவ்வளவு திறக்குது, அப்போதும் எவ்வளவு பாரம் தாங்குதுன்னு அளப்பாங்க. அதுக்கான மெஷின் எங்க லேப்ல இல்லை. அதனால ஏ.சி.ஐ. 544 சொல்ற டிராப் வெயிட் சோதனை செஞ்சோம். 4.54 கிலோ சுத்தியலை 457 மி.மீ. உயரத்துல இருந்து வட்டத் தட்டு மேல விடணும். முதல் விரிசலுக்கு எத்தனை அடி, உடைய எத்தனை அடின்னு எண்ணணும். நார் இல்லாத தட்டு விரிசல் விட்ட கையோட பிளந்தது. நார் உள்ளது விரிசலோடயே மேலும் மேலும் அடி வாங்கிட்டு நின்னது. பிராஜெக்ட்ல நாங்க முதன்முதலா கை தட்டினது அன்னிக்குத்தான்.

நீங்க செய்யும்போது

ஒரு கன மீட்டருக்கு 30 கிலோன்னா, 100 × 100 × 500 மி.மீ. பீமுக்கு 150 கிராம், 150 மி.மீ. கியூபுக்கு சுமார் 101 கிராம் நார் வரும். எடை போடுறதுக்கு முன்னாடி ஒட்டியிருக்கிற ரப்பரை நீக்குங்க, இல்லைன்னா ரப்பரையும் ஸ்டீல் கணக்குல சேர்த்துடுவீங்க. ஜல்லி 10 அல்லது 12 மி.மீ.க்கு மேல வேண்டாம். கலவை இறுகினா தண்ணி ஊத்தாதீங்க, சூப்பர்பிளாஸ்டிசைசரைச் சரிபண்ணுங்க. கட்டாயம் கையுறை போடுங்க, ஊசி மாதிரி குத்தும்.

பீம், காலம் கம்பிக்கு இது மாற்று இல்லை. தொழிற்சாலைத் தளம், சாலை, சுரங்கச் சுவருக்கு அடிக்கிற ஷாட்கிரீட் மாதிரி விரிசலைக் கட்டுப்படுத்த வேண்டிய இடங்கள்தான் இதுக்குப் பொருத்தம். மேற்பரப்புல தெரியிற நார் துருப்பிடிச்சுக் கறை விடும், அதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க.

எங்க ரிப்போர்ட்ல அந்த கியூப் அட்டவணை அப்படியே இருக்கு. வைவாவுல எக்ஸ்டர்னல் முதல்ல கேட்டதும் அதைத்தான்: "வலிமை ஏறலையே, ஏன்?" இந்தத் தடவை எங்ககிட்ட பதில் இருந்தது.