கலந்துரையாடலில் மௌனம்: மறதியா, செவித்திறன் குறைவா?

பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் இணையவழிச் சொற்பொழிவு, பிற்பகலில் நாவல் வாசிப்பு, மாலையில் வாசகர் வட்டத்தின் இணையவழிக் கலந்துரையாடல். கேட்டல், வாசித்தல், கருத்துரைத்தல், பிறரோடு பழகுதல் ஆகிய நான்கும் ஒரே நாளில் அமைகின்றன. மூளைக்கு இது நற்பயிற்சி.

இத்தகைய ஒருவர் திடீரெனக் கூட்டத்தில் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார்; வினாவுக்குப் பொருந்தாத விடை தருகிறார்; நாளடைவில் கலந்துகொள்வதையே தவிர்க்கிறார். "அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது" என்று குடும்பத்தினர் அஞ்சுகின்றனர். அந்நிலையில் மருத்துவர்களாகிய நாங்கள் முதலில் அறிய விரும்புவனவற்றுள் ஒன்று, அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்பதே.

முதுமையில் பெரும்பாலும் கூர்மையான ஒலிகளே முதலில் மங்குகின்றன. 'ச', 'ஸ', 'த' போன்ற மெய்யொலிகள் தெளிவிழப்பதால் குரல் கேட்கும், சொல் புரியாது. இணையவழியில் இருவர் ஒருங்கே பேசினாலும், பேசுபவரின் உதட்டசைவு தெரியாவிட்டாலும் இடர் மிகும். சொல்லைப் பிடிப்பதிலேயே மூளை களைத்துவிட, கேட்டது நினைவில் பதிவதும் குறைகிறது.

அமைதியான அறையில் நேருக்கு நேர் தெளிவாக உரையாடி, வாசித்த கதையை முறையாகச் சொல்கிறாரெனில், செவியை முதலில் ஐயுறலாம். வாசித்ததையும் மறத்தல், ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்டல், பழகிய வழியில் தடுமாறுதல், பணக்கணக்கில் குழம்புதல் ஆகியவை இருப்பின் நினைவாற்றல் பரிசோதனையும் தேவை. சிலருக்கு இரண்டு குறைகளும் சேர்ந்தே இருக்கலாம்.

செவித்திறன் குறைவைப் பொருட்படுத்தாமல் விடுதலும் நன்றன்று. மறதி நோய்க்கான, மாற்றியமைக்கத்தக்க 14 இடர்க்காரணிகளை லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவும் சமூகத் தனிமையும் அவற்றுள் அடங்கும்.

செய்ய வேண்டியவை:

• காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சில வேளைகளில் காதுக் குறும்பியை அகற்றுவதே போதுமானதாகும்.
• ஆடியோமெட்ரி பரிசோதனைக்குப் பின், பரிந்துரைக்கப்பட்டால் செவித்துணைக் கருவி அணியச் செய்யுங்கள். பழகச் சில வாரங்கள் ஆகலாம்.
• கூட்டத்தின்போது ஹெட்போன் பயன்படுத்தட்டும். ஒருவர் பின் ஒருவராகப் பேசுமாறு நண்பர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
• அரை மணிக்கொருமுறை எழுந்து சிறிது நடக்கட்டும்.
• ஒரு காதில் திடீரெனக் கேட்காமற் போனால், அன்றே மருத்துவரை அணுகுங்கள்.

வயதாகிவிட்டது என்றெண்ணி அவருடைய வாசகர் வட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். அவர் அங்கே மீண்டும் பேசுவதற்கு வழி செய்யுங்கள்.